லேசர் அதிர்வு அளவீட்டில் கணினியின் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொருளைத் தொடாமல் லேசர் ஒளியாலேயே அதிர்வை அளக்கும் கருவியான லேசர் வைப்ரோமீட்டரோடு அதிர்வு ஆய்வகத்தில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். புதிதாக வரும் மாணவர்களும், ஆலைகளிலிருந்து வரும் பராமரிப்புப் பொறியாளர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எந்தப் பொத்தான் எதற்கு என்று கருவியோடு வரும் புத்தகம் சொல்லிவிடும். திரையில் தெரியும் எண்ணை எப்போது நம்பலாம், எப்போது நம்பக் கூடாது என்பது பழகித்தான் தெரிய வேண்டியிருக்கிறது. அதற்குத்தான் இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

உதாரணமாக ஒரு ஸ்டீல் ஸ்கேலை எடுத்துக்கொள்வோம். அகலம் 30 மி.மீ., கனம் 1 மி.மீ. ஒரு முனையை வைஸில் இறுக்கியபின் வெளியே நீட்டிக்கொண்டிருப்பது 250 மி.மீ. இந்த ஸ்கேல் பக்கம் முழுக்கக் கூடவே வரும்.

லேசர் ஒளியால் அதிர்வை எப்படி அளக்க முடிகிறது?

டாப்ளர் விளைவுதான். நம்மை நோக்கி வரும் பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியின் அதிர்வெண் சற்றுக் கூடும். விலகிப் போகும் பரப்பில் பட்டால் சற்றுக் குறையும். அந்த மாற்றத்தின் அளவு, பரப்பின் திசைவேகத்தை இரண்டால் பெருக்கி ஒளியின் அலைநீளத்தால் வகுத்தால் கிடைக்கும். இரண்டால் பெருக்குவது, ஒளி போவதும் வருவதுமாக இரண்டு பயணம் செய்வதால்.

நம் ஸ்கேலைச் சுண்டிவிட்டால் சுமார் 13 ஹெர்ட்ஸில் ஆடும். நுனி இரு பக்கமும் 1 மி.மீ. ஆடினால் அதன் உச்ச வேகம் நொடிக்கு 82 மி.மீ. சிவப்பு ஹீலியம்-நியான் லேசரின் அலைநீளம் 632.8 நானோமீட்டர். கணக்குப் போட்டால் அதிர்வெண் மாற்றம் சுமார் 2.6 லட்சம் ஹெர்ட்ஸ். பெரிய எண்ணாகத் தெரியும். ஆனால் அந்த ஒளியின் சொந்த அதிர்வெண் 474 லட்சம் கோடி ஹெர்ட்ஸ். அதில் இந்த மாற்றத்தை நேரடியாகப் பிரித்துப் பார்க்க எந்த மின்னணுக் கருவியாலும் ஆகாது. அதனால் லேசரை இரண்டாகப் பிரித்து, ஒன்றைப் பொருளுக்கு அனுப்பி, இன்னொன்றைக் கருவிக்குள்ளேயே வைத்துக்கொண்டு, திரும்பி வந்ததை அதோடு கலக்கிறார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் ஒளியுணரியில் மின்னலையாக வெளிப்படும்.

அப்புறம் ஒரு சிக்கல் மிஞ்சும்: கிட்டே வருகிறதா, தள்ளிப் போகிறதா? வித்தியாசத்தை மட்டும் வைத்து அதைச் சொல்ல முடியாது. அதற்காக ஒரு கற்றையைப் பிராக் செல் என்ற ஒலி-ஒளிப் பகுதி வழியாக அனுப்பி, வழக்கமாக 40 மெகாஹெர்ட்ஸ் தள்ளி வைக்கிறார்கள். பொருள் அசையாமல் நின்றால் உணரியில் 40 மெகாஹெர்ட்ஸ் வரும். நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வந்தால் 43.16; அதே வேகத்தில் விலகினால் 36.84. வேகமும் திசையும் ஒன்றாகக் கிடைத்துவிடுகின்றன.

லேசர் டாப்ளர் முறையில் வேகத்தை முதலில் அளந்தது திரவ ஓட்டத்தில். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் யே, கம்மின்ஸ் இருவரும் 1964இல் அதைச் செய்து காட்டினார்கள். திடப்பொருளின் அதிர்வுக்கு அந்த முறை பின்னால்தான் வந்தது.

முடுக்கமானியை (முடுக்கத்தை அளக்கும் சிறு உணரி) ஒட்டி அளந்தால் போதாதா? விலையும் குறைவாயிற்றே.

பல இடங்களில் போதும். பெரிய மோட்டார், பம்ப், கியர்பாக்ஸ், ஆண்டு முழுவதும் கண்காணிக்க வேண்டிய எந்திரம் என்றால் நானே முடுக்கமானியைத்தான் சொல்வேன். தூசிக்கும் எண்ணெய்க்கும் அது அஞ்சாது.

மெல்லிய பொருளில் கதை வேறு. நம் ஸ்கேலின் நீட்டிய பகுதி சுமார் 59 கிராம். ஆனால் நுனியிலிருந்து பார்க்கும்போது அதில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகத்தான், அதாவது 14 கிராம் அளவுக்குத்தான், அதிர்வில் எடை காட்டும். அங்கே 5 கிராம் முடுக்கமானியை ஒட்டினால் 13 ஹெர்ட்ஸ் 11.2 ஹெர்ட்ஸாக இறங்கிவிடும். நாம் அளந்தது ஸ்கேலை அல்ல, ஸ்கேலும் முடுக்கமானியும் சேர்ந்த இன்னொரு பொருளை. கேபிளின் இழுவை வேறு இருக்கிறது.

மிருதங்கத்தின் தோலை நினைத்துப் பாருங்கள். அதில் எதையாவது ஒட்டினால் நாதமே மாறிவிடும். சி.வி. ராமன் அந்தத் தோல் எப்படி அதிர்கிறது என்று ஆராய்ந்தபோது மெல்லிய மணலைத் தூவி, அது எங்கே ஒதுங்கி நிற்கிறது என்று பார்த்தார். 1934இல் அந்தப் படங்களோடு கட்டுரை வெளியிட்டார். மணல் அசையாத கோடுகளைக் காட்டும், அசையும் இடம் எவ்வளவு அசைகிறது என்று காட்டாது. அதை எடை கூட்டாமல் சொல்லக்கூடியது லேசர். காதின் செவிப்பறை, ஹார்ட் டிஸ்கின் தலை தாங்கி, சூடான புகைபோக்கிக் குழாய் எல்லாம் இதே வகைதான்.

இதில் கணினி என்னென்ன செய்கிறது?

இரண்டு தனித்தனி வேலைகள். இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் பாதிப் பிரச்சினை வராது.

முதலாவது கட்டுப்பாடு: வைப்ரோமீட்டரின் அளவீட்டு ரேஞ்சை மாற்றுவது, ஃபில்டரை வைப்பது, ஃபோகஸ் செய்வது, பொருளை ஆட்டிவிடும் ஷேக்கருக்குச் சிக்னல் கொடுப்பது, ஸ்கேனிங் வகையாக இருந்தால் கண்ணாடிகளைத் திருப்புவது. இவை மெதுவான கட்டளைகள். ஒரு காலத்தில் ஆர்எஸ்-232 கேபிளிலும், ஹியூலெட்-பேக்கார்ட் உருவாக்கி 1975இல் ஐஇஇஇ-488 என்று தரப்படுத்தப்பட்ட ஜிபிஐபி கேபிளிலும் போயின. இப்போது பெரும்பாலும் யுஎஸ்பி அல்லது லேன்.

இரண்டாவது தரவு சேகரிப்பு: ஒளியுணரியின் சிக்னலிலிருந்து வேகத்தைக் கணக்கிடும் டிகோடர் தரும் மின்னழுத்தத்தை நொடிக்குப் பல்லாயிரம் தடவை எண்ணாக்கி, ஒன்றுகூட விடாமல், சரியான நேரத்தோடு சேமிப்பது. இது வேகமான வேலை. நேரத்தைக் காக்கும் பொறுப்பை இதில் ஒருபோதும் மென்பொருளிடம் விடக் கூடாது, தரவைச் சேகரிக்கும் கார்டின் கடிகாரத்திடம் விட வேண்டும். விண்டோஸின் வழக்கமான டைமர் துடிப்பே 15.6 மில்லிநொடி. நம் ஸ்கேல் 13 ஹெர்ட்ஸைத் தவிர இன்னும் உயர்ந்த அதிர்வெண்களிலும் தானாக ஆடும்; அந்த இயல் அதிர்வெண்களில் மூன்றாவது சுமார் 229 ஹெர்ட்ஸ். அந்த ஒரு துடிப்புக்குள் அது மூன்று தடவைக்கு மேல் ஆடி முடித்திருக்கும்.

எந்த மாதிரி டேட்டா அக்விசிஷன் கார்டு வாங்குவது?

எல்லாச் சேனலையும் ஒரே நொடிப்பொழுதில் மாதிரி எடுக்கும் கார்டு. இதில் மட்டும் சமரசம் வேண்டாம். விலை குறைந்த கார்டுகளில், மின்னழுத்தத்தை எண்ணாக்கும் ஒரே ஏடிசி ஒவ்வொரு சேனலாகச் சுற்றி வரும். சுற்று வேகம் நொடிக்கு ஒரு லட்சம் என்றால் அடுத்தடுத்த சேனல்களுக்கு 10 மைக்ரோநொடி வித்தியாசம். 1000 ஹெர்ட்ஸில் அது 3.6 பாகைக் கட்டப் பிழை (கட்டம் என்பது அலை தன் ஆட்டத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது; முழு ஆட்டம் 360 பாகை). ஷேக்கர் கொடுக்கும் விசையும் பொருளின் வேகமும் ஒன்றுக்கொன்று எந்தக் கட்டத்தில் இருக்கின்றன என்பதை வைத்துத்தான் அதிர்வு வடிவமே தீர்மானமாகிறது என்பதால் இந்தப் பிழை சும்மா விடாது.

அடுத்து, உயர்ந்த அதிர்வெண் தாழ்ந்ததுபோல் வேடமிட்டு வராமல் தடுக்கும் ஆன்டி-ஏலியாசிங் ஃபில்டர் உள்ளேயே இருக்க வேண்டும். அதிர்வு அளவீட்டுக்கென்றே வரும் 24 பிட், நொடிக்கு 51,200 மாதிரி வகைக் கார்டுகள் இந்த இரண்டையும் சேர்த்தே தருகின்றன. கணினியின் சவுண்ட் கார்டை வைத்துச் செய்யலாமா என்று ஒவ்வொரு ஆண்டும் யாராவது ஒருவர் கேட்பார். பழகிப் பார்க்கச் செய்யலாம். அது மிகத் தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டிவிடும், அதன் வோல்ட் அளவு திருத்தப்பட்டதல்ல. ஆய்வறிக்கையில் எண் எழுத அது ஆகாது.

நொடிக்கு எத்தனை மாதிரி எடுக்க வேண்டும்?

உங்களுக்கு வேண்டிய மிக உயர்ந்த அதிர்வெண்ணை 2.56ஆல் பெருக்குங்கள். இரண்டுக்கு மேல் இருந்தாலே கோட்பாட்டுக்குப் போதும். ஃபில்டர் சுவர் மாதிரி நேராக விழாது, சரிந்துதான் விழும் என்பதால் மீதி இடம் அதற்கு. 20,000 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் 51,200.

ஃபில்டர் இல்லாமல் நொடிக்கு 1000 மாதிரி எடுத்தால், 900 ஹெர்ட்ஸில் அதிரும் ஒரு பொருள் திரையில் 100 ஹெர்ட்ஸாகத் தெரியும். பார்க்க அசல் 100 ஹெர்ட்ஸ் மாதிரியே இருக்கும். எண்ணான பிறகு எந்த மென்பொருளாலும் அதைப் பிரிக்க முடியாது. ஆகவே ஃபில்டர் மின்னழுத்தம் எண்ணாகும் முன்னாலேயே இருக்க வேண்டும்.

மாதிரி வீதத்தைக் கூட்டினால் நெருங்கிய இரண்டு அதிர்வெண்களைப் பிரித்துப் பார்க்கலாம் என்று நினைப்பது பரவலான தவறு. அதற்குத் தேவை நேரம். ஒரு நொடிப் பதிவை எஃப்எஃப்டி (பதிவை அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணக்கு) செய்தால் கோடுகள் 1 ஹெர்ட்ஸ் இடைவெளியில் விழும். பத்து நொடி என்றால் 0.1 ஹெர்ட்ஸ். ஸ்கேல் 13லிருந்து 11.2க்கு இறங்கியதை நம்பிக்கையாகச் சொல்ல நான் பத்து நொடி எடுப்பேன், மாதிரி வீதத்தைக் குறைத்தே வைப்பேன்.

வேகம் எப்போதும் நான் கணக்கிட்டதில் சரியாகப் பாதியாக வருகிறது. எங்கே தவறு?

சரியாகப் பாதி என்றால் பெரும்பாலும் கேபிள் முனையில் செருகும் மின்தடையான 50 ஓம் டெர்மினேட்டர். வைப்ரோமீட்டரின் வெளியீட்டு மின்தடை பல கருவிகளில் 50 ஓம். பிஎன்சி கேபிளின் மறுமுனையில் யாரோ முன்பு பயன்படுத்திய 50 ஓம் டெர்மினேட்டர் டி-இணைப்பில் அப்படியே இருந்தால் மின்னழுத்தம் பாதியாகப் பிரிந்துவிடும். நானே ஒரு முழு நாள் அளவீட்டை இதனால் இழந்திருக்கிறேன். மாலையில் கேபிளைக் கழற்றும்போதுதான் விரல் நுனி அளவுள்ள அந்த உலோகக் குப்பி கையில் வந்தது.

பத்து மடங்கு வித்தியாசம் என்றால் ரேஞ்ச். கருவியில் ஒரு வோல்ட்டுக்கு 10 மி.மீ./நொடி என்று இருக்க, மென்பொருளில் 100 என்று எழுதியிருப்பீர்கள். ரேஞ்சைக் கணினி வழியாகவே மாற்றி, அந்த எண்ணையே அளவுகோலாக எடுத்துக்கொள்ளும்படி நிரல் எழுதினால் இந்தத் தவறு அடியோடு ஒழிந்துவிடும். கணினிக் கட்டுப்பாட்டின் பெரிய நன்மையாக நான் நினைப்பது இதைத்தான்.

தேவைக்கு மேல் பெரிய ரேஞ்ச் வைப்பதும் நல்லதல்ல. கூட்டல் கழித்தல் 10 வோல்ட், 16 பிட் கார்டில் ஒரு படி 0.3 மில்லிவோல்ட். முதல் ரேஞ்சில் அது 0.003 மி.மீ./நொடி, இரண்டாவதில் 0.03. சிறிய அதிர்வு அந்தப் படிக்குள்ளேயே மறைந்துவிடும்.

அலைவடிவத்தில் திடீர் திடீரென்று ஊசி மாதிரி முனைகள் வருகின்றன. அவை உண்மையான அதிர்வா?

இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக வந்துவிடும் என்பது என் எண்ணம்.

பெரும்பாலும் அவை அதிர்வு அல்ல. லேசர் புள்ளியைக் கிட்டப்போய்ப் பாருங்கள், லேசர் தலைக்கும் பொருளுக்கும் நடுவே கண்ணைக் கொண்டுபோகாமல், பக்கவாட்டிலிருந்து. சொரசொரப்பான பரப்பில் விழுந்த புள்ளியைச் சுற்றி மினுமினுவென்று பொடிப்பொடியாக ஒளியும் இருளும் தெரியும். ஸ்பெக்கிள் என்பது அதுதான். பரப்பின் நுண்ணிய மேடுபள்ளங்களிலிருந்து திரும்பும் ஒளிகள் சில திசைகளில் கூடுகின்றன, சில திசைகளில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. பொருள் கொஞ்சம் சாய்ந்தாலும் இந்தக் கோலம் நகரும். இருட்டுப் பொட்டு ஒன்று லென்ஸின் மேல் வந்து நின்றால் உணரிக்கு ஒளி போதாது. டிகோடருக்கு ஒளி இல்லை என்று தெரியாது. கிடைத்த இரைச்சலிலிருந்து ஒரு வேகத்தைக் கணக்கிட்டுக் கொடுத்துவிடும். திரையில் ஊசி.

பளபளப்பான பரப்பில் இதற்கு நேர்மாறான கஷ்டம். நம் ஸ்கேலின் நுனி 1 மி.மீ. ஆடும்போது அந்த இடத்தின் சாய்வு 5.5 மில்லிரேடியன். கண்ணாடி மாதிரி திருப்பி அனுப்பினால் ஒளி இரு மடங்கு திரும்பும். ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் லென்ஸில் அது 11 மி.மீ. இந்தப் பக்கமும் 11 மி.மீ. அந்தப் பக்கமும் ஓடும். ஒவ்வொரு ஆட்டத்திலும் இரண்டு தடவை ஒளி லென்ஸைத் தவறவிட வாய்ப்பிருக்கிறது. அந்த ஊசிகள் தற்செயலாகக்கூட விழாது, அதிர்வோடு தாளம் தப்பாமல் விழும். எஃப்எஃப்டி போட்டால் 13, 26, 39, 52 என்று அழகான வரிசை.

இந்த வரிசைதான் ஆளை ஏமாற்றும். ஒரு தடவை ஓர் ஆலையில் பம்ப் ஒன்றை அளந்தோம். மோட்டார் நிமிடத்துக்கு 1480 சுற்று, அதாவது 24.7 ஹெர்ட்ஸ். அதன் மடங்குகள் எல்லாம் வரிசையாக எழுந்து நின்றன. அப்படி மடங்குகள் வந்தால் எங்கோ தளர்ந்திருக்கிறது என்பது அதிர்வுக்காரர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். அடித்தளப் போல்ட்டுகளை அரை நாள் இறுக்கினார்கள். வரிசை அசையவில்லை. கடைசியில் பம்பின் மேல் நாங்கள் ஒட்டியிருந்த பிரதிபலிப்பு நாடாவைத் தொட்டுப் பார்த்தேன். விரலில் எண்ணெய் ஒட்டியது. மெல்லிய எண்ணெய்ப் படலம் நாடாவின் கண்ணாடி மணிகளை மூடியிருந்தது. வேறு நாடா ஒட்டியதும் வரிசை போய்விட்டது. போல்ட் இறுக்கியவர்களின் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். வைப்ரோமீட்டரில் திரும்பி வரும் ஒளியின் வலிமையைக் காட்டும் சிக்னல் லெவல் என்றொரு வெளியீடு பெரும்பாலும் இருக்கும், முகப்பில் பச்சைப் பட்டையாக ஏறி இறங்குவது அதுதான். அதையும் ஒரு கேபிள் போட்டு, வேகத்தோடு சேர்த்து இன்னொரு சேனலாகப் பதிவு செய்கிறேன். கருவி அதை லேன் வழியாக மட்டும் தந்தால் நிரலில் நொடிக்குச் சில தடவை கேட்டு எழுதி வைக்கிறேன். ஊசி விழும் இடத்தில் ஒளி லெவலும் சரிந்திருந்தால் அது அதிர்வல்ல. லெவல் நிலையாக இருக்க ஊசி வந்தால், உண்மையிலேயே ஏதோ தட்டுகிறது. வேகச் சேனல் தான் சொல்வது பொய் என்று ஒருநாளும் சொல்லாது. பக்கத்தில் இருக்கும் இந்தச் சேனல்தான் சாட்சி.

ஒளி வலிமையைக் கூட்ட என்ன செய்யலாம்?

பிரதிபலிப்பு நாடாவைச் சின்னத் துண்டாக வெட்டி ஒட்டலாம். நாடா ஒட்ட முடியாத இடத்தில், வெல்டிங் விரிசல் பார்க்கப் பயன்படும் வெள்ளை டெவலப்பர் ஸ்ப்ரேயை மெல்லிசாக அடிக்கலாம். வேலை முடிந்ததும் துடைத்தால் போய்விடும். ஃபோகஸை ஒவ்வொரு புள்ளியிலும் சரிபாருங்கள். ஹீலியம்-நியான் வகைக் கருவியில் தூரமும் முக்கியம். லேசர் குழாயின் நீளத்தைப் பொறுத்து, ஏறக்குறைய 20 செ.மீ.க்கு ஒரு முறை சிக்னல் உச்சத்துக்குப் போய் நடுவில் தாழும். முக்காலியைக் கைப்பிடி அளவு முன்னே பின்னே நகர்த்தினாலே பட்டை ஏறுவதைப் பார்க்கலாம். கறுத்த, துருப்பிடித்த பரப்புகளுக்கு 1550 நானோமீட்டர் அகச்சிவப்பு வைப்ரோமீட்டர்கள் நன்றாக வேலை செய்கின்றன. அளக்கும் கற்றை கண்ணுக்குத் தெரியாது என்பதால் குறி பார்க்கத் தனியாக ஒரு வண்ணக் கற்றை கொடுத்திருப்பார்கள்.

லேசரைச் சாய்வாக அடிக்க வேண்டி வந்தால், கற்றையின் திசையில் உள்ள வேகம் மட்டும்தான் கிடைக்கும். 10 பாகை சாய்வில் ஒன்றரை சதவீதம் குறையும், 20 பாகையில் ஆறு சதவீதம்.

விசைக்கும் வேகத்துக்கும் உள்ள கட்டம் அதிர்வெண் கூடக் கூட நழுவிக்கொண்டே போகிறது. ஏன்?

நேர்கோட்டில் நழுவினால் அது தாமதம். டிகோடர் உள்ளே கணக்கிட எடுத்துக்கொள்ளும் நேரம் விசைச் சேனலுக்கு இல்லை. 50 மைக்ரோநொடித் தாமதம் 1000 ஹெர்ட்ஸில் 18 பாகையாகத் தெரியும். டெல்டா-சிக்மா வகை ஏடிசியும் தன் டிஜிட்டல் ஃபில்டருக்காகச் சில பத்து மாதிரிகள் தாமதிக்கும். எல்லாச் சேனலும் ஒரே வகையாக இருந்தால் எல்லாம் சேர்ந்தே தாமதிக்கும், பாதகமில்லை. வேறு வகைக் கார்டைக் கலந்தால்தான் வினை.

ஷேக்கரின் மேல் ஒரு முடுக்கமானியை இறுக்கி, அதன் தலையிலேயே லேசரை அடித்து, இரண்டையும் ஒன்றாகப் பதிவு செய்யுங்கள். இரண்டும் அளப்பது ஒரே அசைவை. முடுக்கம் வேகத்தைவிட 90 பாகை முந்தி நிற்க வேண்டும். அதற்கு மேல் தெரியும் வித்தியாசம்தான் தாமதம். நிரலில் அதைக் கழித்துவிடலாம். ஃபில்டர் அமைப்பை மாற்றினால் மறுபடி அளக்க வேண்டும்.

ஸ்கேனிங் வைப்ரோமீட்டரில் என்ன கூடுதல்?

ஒன்றுக்கொன்று செங்குத்தாகத் திரும்பும் இரண்டு சிறு கண்ணாடிகள். கணினி ஒவ்வொன்றுக்கும் ஒரு மின்னழுத்தம் கொடுத்து, புள்ளியைப் பொருளின் மேல் கட்டம் கட்டமாக நகர்த்தும். நகர்த்தி, கண்ணாடி அடங்கும் வரை பொறுத்து, ஃபோகஸ் பார்த்து, ஷேக்கர் சிக்னலோடு ட்ரிக்கர் செய்து, பல தடவை எடுத்துச் சராசரி போட்டு, அளந்த வேகம் கொடுத்த சிக்னலோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று சொல்லும் கோஹிரன்ஸ் சரியா என்று பார்த்து, அடுத்த புள்ளிக்குப் போகும். ஒரே நேரத்தில் ஒரே புள்ளியைத்தான் அளக்கிறது. ஆகவே எல்லாப் புள்ளிக்கும் பொதுவான ஒரு ரெஃபரன்ஸ் சேனல், விசையோ வேறொரு நிலையான உணரியோ, கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் எந்தப் புள்ளி எப்போது மேலே போனது என்று சேர்த்துப் பார்க்க வழியில்லை.

நேரத்தை முன்கூட்டியே கணக்குப் போடுங்கள். 500 புள்ளி, ஒவ்வொன்றிலும் ஒரு நொடிப் பதிவு, பத்துச் சராசரி என்றால் 5000 நொடி, 83 நிமிடம். அதற்குள் மெல்லிய தகடு அறையின் சூட்டில் கொஞ்சம் மாறி, இயல் அதிர்வெண்ணே நகர்ந்துவிடலாம். பதிவு நீளத்தோடு சரியாகப் பொருந்தி முடியும் சர்ப் சிக்னலை (அதிர்வெண் ஏறிக்கொண்டே போகும் சிக்னல்) திரும்பத் திரும்பக் கொடுத்தால், பதிவின் இரு ஓரங்களையும் மங்கச் செய்யும் விண்டோ போடத் தேவையில்லை, மூன்று சராசரியே பல நேரம் போதும். 25 நிமிடத்தில் முடிந்துவிடும்.

மென்பொருளை நாமே எழுதலாமா?

எழுதலாம், எழுதிப் பார்ப்பதை நான் ஊக்குவிக்கிறேன். நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1986இல் வெளியிட்ட லேப்வியூ இந்தத் துறையில் நெடுங்காலம் கோலோச்சியது. இப்போது பைத்தான் கற்றவர்களே அதிகம், நம்பை, சைபை என்ற அதன் கணக்கு நூலகங்களோடு எல்லாமே செய்துவிடலாம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: கார்டிலிருந்து தரவை வாங்குவதற்கு நிரலில் ஒரு சுற்று (லூப்), வரைபடம் காட்டவும் கோப்பில் எழுதவும் இன்னொரு சுற்று, நடுவில் தரவு காத்திருக்க ஒரு வரிசை (க்யூ). ஒரே சுற்றில் எல்லாவற்றையும் வைத்தால், வரைபடம் கொஞ்சம் திணறியதும் கார்டின் நினைவகம் நிரம்பி மாதிரிகள் விழுந்துவிடும். நம் அளவுக்குத் தரவு அதிகமில்லை. இரண்டு சேனல், நொடிக்கு 51,200, ஒரு மாதிரிக்கு 4 பைட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஒன்றரை ஜிகாபைட்டுக்குள் அடங்கும். டிகோடரை விட்டுவிட்டு 40 மெகாஹெர்ட்ஸ் சிக்னலையே நொடிக்கு 12.5 கோடி மாதிரியாக, ஒரு மாதிரிக்கு 2 பைட் வீதம் எடுப்பவர்களுக்கு ஒரு மணி நேரம் 900 ஜிகாபைட். அது எஃப்பிஜிஏ (நாமே உள்ளமைப்பை மாற்றக்கூடிய சில்லு) வைத்துச் செய்ய வேண்டிய வேலை.

வேகத்தைத் தொகையிட்டால் இடப்பெயர்ச்சி மலையேறிப் போகிறதே?

வேகத்தில் 0.01 மி.மீ./நொடி அளவு நிலையான பிசகு இருந்தாலே 100 நொடியில் 1 மி.மீ. ஆகிவிடும். தொகையிடும் முன் சராசரியைக் கழியுங்கள், தாழ் அதிர்வெண்களை வெட்டுங்கள். மெதுவான அசைவே வேண்டுமென்றால் தனி இடப்பெயர்ச்சி டிகோடரைப் பயன்படுத்துவதே சரி. அது ஒளியின் கட்டத்தை நேரடியாகப் பின்தொடரும். ஒரு முழுச் சுற்றுக்கு 316 நானோமீட்டர், அரை அலைநீளம். ஆனால் ஒளி ஒரு கணம் அறுந்தாலும் கணக்கு விட்டுப்போய் வரைபடம் படிக்கட்டாகத் தாவும்.

தரை அதிர்வதும் சேர்ந்து வருமா?

வரும். லேசர் அளப்பது தனக்கும் பொருளுக்கும் இடையிலான அசைவை. முக்காலி ஆடினால் பொருள் ஆடியதாகவே தெரியும். லேசர் தலையின் மேல் ஒரு முடுக்கமானியை வைத்து, அதையும் ஒரு சேனலாக எடுங்கள். 50 ஹெர்ட்ஸில் மட்டும் கூர்மையாக ஒரு கோடு நின்றால் முதலில் எர்த் இணைப்பைச் சந்தேகப்படுங்கள்.

அளவுத் திருத்தம் தேவையா? கண்ணுக்கு ஆபத்து உண்டா?

அலைநீளம் இயற்கையே தந்த அளவுகோல் என்பதால் ஒளிப் பகுதி எளிதில் மாறாது. முடுக்கமானிகளின் முதன்மை அளவுத் திருத்தத்துக்கே லேசர் குறுக்கீட்டு முறையைத்தான் ஐஎஸ்ஓ 16063-11 சொல்கிறது. மாறக்கூடியது டிகோடரின் அனலாக் பகுதியும் நம் கார்டும். வைப்ரோமீட்டர்களுக்கென்றே ஐஎஸ்ஓ 16063-41 இருக்கிறது. அதன்படி குறித்த கால இடைவெளியில் திருத்தம் செய்ய வேண்டும்.

பெரும்பாலான சிவப்புக் கருவிகள் 1 மில்லிவாட்டுக்குள் அடங்கும் இரண்டாம் வகுப்பு லேசர்கள். தற்செயலாகக் கண்ணில் பட்டால் இமை மூடிக் காத்துக்கொள்ளும். வேண்டுமென்றே உற்றுப் பார்க்கக் கூடாது. பளபளப்பான பொருள்களில் பட்டுத் திரும்பும் கற்றையையும் நினைவில் வையுங்கள்.

புதிதாக ஆரம்பிக்கிறேன். முதல் நாள் என்ன செய்யட்டும்?

ஸ்கேலை வைஸில் இறுக்குங்கள். நுனிக்கு அருகே ஒரு செ.மீ. நாடா ஒட்டி, லேசரை அதில் அடியுங்கள். வேகம் ஒரு சேனல், ஒளி லெவல் இன்னொரு சேனல். விரலால் சுண்டிவிட்டுப் பத்து நொடி பதிவு செய்யுங்கள். 13க்குச் சற்றுக் கீழே ஒரு முனை வந்தால் கவலை வேண்டாம், வைஸ் கணக்கில் எழுதுகிற அளவுக்கு இறுக்கமாக இருப்பதில்லை. அப்புறம் 5 கிராம் நட் ஒன்றை நுனியில் மெழுகால் ஒட்டி மறுபடி எடுங்கள். முனை இறங்குவதை உங்கள் கண்ணாலேயே பார்ப்பீர்கள்.

கோப்பின் பெயரோடு ரேஞ்ச், ஃபில்டர், தூரம், மாதிரி வீதம், நாடா ஒட்டியதா இல்லையா என்பதையும் அந்தக் கோப்புக்குள்ளேயே எழுதிவிடுங்கள். மூன்று மாதம் கழித்துத் திறக்கும்போது நினைவு இருக்காது.

கடைசியாக, ஸ்கேல் அசையாமல் நிற்கும்போது ஒரு அட்டையால் லேசரை மறையுங்கள். வேகச் சேனலில் பெரிய அதிர்வு மாதிரி ஒன்று குதிக்கும், லெவல் சேனல் தரையில் கிடக்கும். இரண்டையும் ஒரே திரையில், மேலும் கீழுமாக வைத்துப் பாருங்கள்.